லாக்கருக்குள் ஒரு சேவல்

முதலில் இஷா பாங்கைத்தான் கணக்கு வைத்தேன்.
பாங்கு சொன்னதும் ஒரு மடக்குத் தண்ணீர், ஒரு மாத்திரை.
பிறகுதான் பிடிபட்டது,
பாங்கு சூரியன் பின்னால் போகிறது.
ஜூனில் ஒன்பதை நெருங்கும்,
டிசம்பரில் ஏழுக்கு இறங்கிவிடும்.
எனக்கு அசையாத நேரம் வேண்டும்.

ஆகவே ஒன்பதரை.
செல்போனில் சேவல் கூவும்.
ஷாபியாவில் இந்தப் பார்ட்டிஷன் பலகைக்கு அந்தப் பக்கம்
பிரசன்னா சேச்சி சொல்வாள்,
"கோழி வந்நு."
ஊருக்கு லீவில் போனபோது
குளச்சலில் அது பதினொன்றுக்குக் கூவியது.
மாற்றவில்லை. அங்கே பதினொன்றுதான் இங்கே ஒன்பதரை.

டாக்டர் ஹனான் பிரஷர் பார்த்தாள், எடை பார்த்தாள்.
ஒற்றைத் தலைவலி உண்டா?
வருமுன் கண்ணோரம் வெளிச்சம் நெளியுமா?
வீட்டில் யாருக்காவது காலில் ரத்தம் உறைந்ததா?
சிகரெட்? ஷீஷா?
வலிப்புக்கு, காசநோய்க்கு ஏதாவது மருந்து?
இல்லை, இல்லை, இல்லை.
எமிரேட்ஸ் ஐடிக்குக்கூட
என்னை இவ்வளவு கேட்கவில்லை.
கடைசியில் பேனாவை மூடிவிட்டுச் சொன்னாள்:
ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால்,
நெஞ்சு குத்தினால், மூச்சு திணறினால்
நாளைக்குப் பார்ப்போம் என்று படுக்காதே.
அந்த நிமிடமே எமர்ஜென்சி.

அஜினுக்கு இருபத்தெட்டு நாள் கடல், எண்ணெய் மேடை.
இருபத்தெட்டு நாள் கரை, நான்.
என் அட்டையில் இருபத்தொரு மாத்திரை,
அப்புறம் ஏழு நாள் சும்மா.
கூட்டினால் அதுவும் இருபத்தெட்டு.
ஆள் கடலில் இருக்கும்போது
இதை எதற்கு விழுங்க வேண்டும் என்று கேட்டேன்.
ஹனான் சிரித்தாள்.
"உன் கருப்பைக்கு ரோட்டா தெரியாது."
அந்த ஏழு நாளும் காவல் இருக்குமாம்.
எட்டாம் நாள் புது அட்டையைத்
தாமதிக்காமல் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு தடவை கெட்டுப்போன ஷவர்மா.
மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் ஆகவில்லை,
வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
மருந்துக்கடை லுப்னா போனில் கேட்டாள்,
மூன்று மணி நேரத்துக்குள்ளா? அப்படியானால் இன்னொன்று போடு.

நான் விமானச் சாப்பாட்டுக் கூடத்தில் இருக்கிறேன்.
நாள் முழுக்கத் தட்டுகளில் நேரம் ஒட்டுகிறேன்,
இத்தனை மணிக்குச் சமைத்தது, இத்தனை மணிக்குள் தின்க.
ஆகஸ்டில் இரண்டு நாள் தொடர்ந்து டபுள் ஷிஃப்ட்.
போன் உள்ளே கொண்டுபோகக் கூடாது.
என் சேவல் லாக்கருக்குள்
யாரோ ஒருத்தியின் செருப்புக்கு மேல்
கூவிக் கூவி ஓய்ந்திருக்கிறது.
மூன்றாம் நாள் ஒன்பதரைக்கு அட்டையை எடுத்தேன்.
பதினேழு, குமிழ் உடையவில்லை.
பதினெட்டு, உடையவில்லை.

லுப்னா நிதானமாகச் சொன்னாள்:
பதினேழை விட்டுவிடு, அது போனது போனதுதான்.
பதினெட்டையும் இன்றையதையும் சேர்த்துப் போடு,
ஒரே ராத்திரியில் இரண்டா என்று பயப்படாதே.
மிச்சம் இரண்டுதானே? முடித்ததும்
இடைவெளி விடாமல் அடுத்த அட்டை.
ஏழு நாளைக்கு ஆணுறை இல்லாமல் வேண்டாம்.

அஜின் வந்தது ஐந்தாம் நாள்.
பை தோளில், டீசல் வாசம்,
மூக்கு நுனியில் தோல் உரிந்திருந்தது.
கதவிலேயே நின்று சொன்னேன்,
"இரண்டு நாள் தவறிப்போச்சு."
அவன் முகம் ஒரு கணம் சுருங்கியது.
இருபத்தெட்டு நாளாக
இந்தக் கதவைத்தான் நினைத்திருப்பான், பாவம்.
பையை இறக்கினான்.
நாற்பத்தாறு டிகிரி வெயிலில்
திரும்பவும் படியிறங்கினான்.

லுப்னாவிடம் தானே கேட்டு வாங்கினானாம்,
தமிழில்தான் கேட்டானாம், அவளுக்குப் புரிந்ததாம்.
காதெல்லாம் சிவந்து வந்தான், அது வெயில் என்றான்.

ராத்திரி சேவல் கூவியது.
நான் எழுவதற்குள்
தம்ளரில் தண்ணீரோடு நிற்கிறான்,
இன்னொரு கையில் அட்டை,
எண்ணிப் பார்த்துக்கொண்டு.
பலகைக்கு அந்தப் பக்கம் சேச்சி:
"கோழி வந்நு."
அஜின் தொண்டையைச் செருமி,
"வந்தாச்சு சேச்சி" என்றான்.