நன்றிக் கடிதம், நான்காவது வரைவு

மூன்று வரிக்குள் முடிக்கச் சொல்கிறார் துறைத் தலைவர்.
"தங்கள் பொன்னான நேரத்திற்கு நன்றி" என்று
போன வருடமும் அனுப்பினோம்,
அதற்கு முந்தைய வருடமும்.
தேதியை மாற்றினால் போதுமாம்.

வெளியே தண்டர் பே.
பிப்ரவரி. ஏரி உறைந்து
தானியக் கிடங்குகளின் நிழல் அதன்மேல்
விறைத்துக் கிடக்கிறது.
மைனஸ் இருபத்தெட்டு.
இந்தக் குளிரில்தான் வருவார்
ஓரெஸ்ட் ஹ்னாட்டியூக்,
விவாகரத்து வாங்க.

கல்யாணமே ஆகாத பேருந்து ஓட்டுநர்.
எங்கள் இரண்டாம் மாடி அறையில்
இதுவரை இருபத்து மூன்று முறை
மனைவியைப் பிரிந்திருக்கிறார்.
ஒவ்வொரு முறையும் எதிரில் ஒரு புது மாணவர்.
வீட்டை அவளுக்கே விட்டுவிடச் சொல்வார்.
நாயைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும்
குரல் தடுக்கும்.
நான் எழுதிக் கொடுத்த காகிதத்தில்
நாயே இல்லை.

ஐலி லெஹ்தோலா
இரவுப்பணி முடித்து நேராக வருவாள்,
மருத்துவமனைக் காலணியோடு.
நாற்சந்தியில் விபத்தைப் பார்த்த சாட்சி.
விளக்கு சிவப்பா, மஞ்சளா?
பதினோரு பேர் மாறி மாறிக் குடைவார்கள்.
"நீங்கள் சொல்வது பொய்தானே?"
மீசை அரும்பாத குரலொன்று உயரும்.
தான் பார்க்காத விபத்துக்காக
நிஜமாகவே முகம் சிவப்பாள்.
பிறகு அந்தக் குரலுக்கே
தன் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றுவாள்.

அப்புறம் டெனிஸ் வாபஸ்.
ரொட்டிக்கடைக்காரி, கைமடிப்பில் மாவு.
எங்களிடம் அவள் வாடகை பாக்கிக்காரி,
வெள்ளிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டியவள்.
அன்றைக்குக் கோல்பி பிசெட்டின் முறை.
சட்டப் பிரிவுகளை மளமளவென ஒப்பித்துவிட்டு
சத்தமாக, நிறுத்தி நிறுத்தி
"பு ரி கி ற தா?" என்றான்.
மதிப்பீட்டுத் தாளில் பத்துக் கட்டங்கள்.
எதிலும் அவள் குறியிடவில்லை.
அடியில் பென்சிலால் எழுதினாள்:
எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது.
என் பெயரை அவர் கேட்கவில்லை.
கை நடுங்கிக்கொண்டிருந்தது,
அதற்காக மதிப்பெண்ணைக் குறைத்துவிடாதீர்கள்.

அது ஆயிற்று ஆறு வருடம்.

போன நவம்பரில், முதல் பனியில்,
ஓரெஸ்ட்டின் பேருந்து வழுக்கியது.
நடந்துபோன ஒருவருக்குக் கால் முறிந்தது.
இம்முறை நிஜ சம்மன்,
நிஜ நீதிமன்றம்.
துணைக்குப் போயிருந்தேன்.
தாழ்வாரத்துப் பெஞ்சில் தொப்பியைப் பிசைந்தபடி
தன் வக்கீலுக்காகக் காத்திருந்தார்.

வந்தது கோல்பி.
கோப்பை ஜன்னல் திட்டில் வைத்தான்.
எதிரே நிற்காமல்
நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டான்.
"உங்கள் பெயரைச் சரியாகச் சொல்கிறேனா, பாருங்கள்."
முதல் தடவை தப்பு, இரண்டாவதும் தப்பு.
மூன்றாவதில் வந்தது.

ஓரெஸ்ட்டுக்கு நா எழவில்லை.
இருபத்து மூன்று விவாகரத்தில் தங்குதடையின்றிப் பேசியவர்
என் பக்கம் திரும்பி,
"இதற்கு வசனம் எதுவும் தரவில்லையே" என்றார்.
கோல்பி பேனா மூடியைத் திறக்கவில்லை.
சுவர்க் கடிகாரம் பாட்டுக்கு ஓடியது.
இரண்டு நிமிடம் இருக்கும், மூன்றும் இருக்கலாம்.
அவன் காத்திருந்தான்.

தீர்ப்பையெல்லாம் இதில் எழுதக் கூடாது.
அபராதம் கட்டினார். அவ்வளவுதான்.
டெனிஸிடம் நான் இன்னும் சொல்லவில்லை,
எப்படித் தொடங்குவது என்று தெரியாமல்.

அன்புள்ள ஓரெஸ்ட், ஐலி, டெனிஸ்,
சாண்ட்விச் காய்ந்துபோயிருந்ததற்கு மன்னியுங்கள்.
கார் நிறுத்தக் கூப்பன் இணைத்துள்ளேன்.
எங்கள் பிள்ளைகள்
முதல் தப்பை உங்களிடம் செய்தார்கள்.
நீங்கள் அதை வாங்கிக்கொண்டு
பஸ் பிடித்து வீட்டுக்குப் போனீர்கள்,
அடுத்த வாரமும் வந்தீர்கள்.

மூன்று வரி எப்போதோ தாண்டிவிட்டது.
தலைவர் அடிக்கட்டும்.

வியாழக்கிழமை இருபத்து நான்காவது விவாகரத்து.
நாயைக் காகிதத்தில் சேர்த்துவிட்டேன்.
பெயர் என்னவென்று
ஓரெஸ்ட்டைத்தான் கேட்க வேண்டும்.