புதன்கிழமைப் பதிவேடு

வந்தோர் எண்ணிக்கை: நான்கு.
இன்றும் அப்படியே எழுதினேன்.

மதியமே போன் வந்தது.
சபைச் செயலர் கிறிஸ்துதுரை;
தேர்தலில் ஜெயித்த பிறகு குரலில் ஒரு வழவழப்பு.
"திருமண்டலத்துல இருந்து நோட்டைப் பாக்க வர்றாங்கக்கா.
முப்பதுக்குக் கீழ இருந்தா
நம்ம சபையைப் பரவையோட சேத்துருவாங்க.
நாலுக்குப் பக்கத்துல ஒரு சுழி,
அவ்வளவுதானக்கா."

அவ்வளவுதான்.
மின்வாரியத்தில் இருபத்தெட்டு வருஷம்
சமயநல்லூர் வீடு வீடாய்
மீட்டர் கணக்கு எடுத்த கை இது.
ஓடாத மீட்டரை
ஓடியதாய் ஒரு நாளும் எழுதியதில்லை.

வந்தவர்களைச் சொல்கிறேன்.
எபநேசர், ரயில்வே கேட் கீப்பர்,
எட்டு மணிக்கு ட்யூட்டி,
கடைசி ஜெபத்துக்கு முன்பே எழுந்துவிடுவார்.
அன்பாய், பரோட்டாக் கடையில் மாவு பிசைகிறவள்;
கூப்பிய விரல் இடுக்கில் மைதா காய்ந்திருக்கும்.
உபதேசியார் பொன்னுச்சாமி, காது மந்தம்,
நாங்கள் அடுத்த விண்ணப்பத்துக்குப் போன பிறகு
முந்தினதற்கு ஆமென் சொல்வார்.
அப்புறம் நான்.
வாசலில் படுத்திருந்த செவலை நாயைச் சேர்க்கவில்லை.

தேர்தல் அன்று கோயில் நிறைந்திருந்தது.
வேன் வைத்துக் கூட்டி வந்தார்கள்.
கிறிஸ்மஸுக்கும் எட்டிப் பார்க்காதவர்கள்
வேப்பமரம் வரைக்கும் வரிசையில் நின்றார்கள்,
பிரியாணிப் பொட்டலம் கையைச் சுட.
முந்தின நாள் எனக்கும் ஒரு ஜெபக்குறிப்பு வந்தது,
வேட்பாளர் படத்தோடு.
மடிப்புக்குள் ஐந்நூறு ரூபாய்த் தாள்.
குறிப்பை வைத்துக்கொண்டு
தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.
கொண்டுவந்த பையன் கேட்டான்:
"பத்தலையாக்கா?"

என் மகன் ஆல்வின் இப்போது இங்கே வருவதில்லை.
பைபாஸில், மண்டபமாய் இருந்த இடத்தில்
கறுப்புச் சுவர், நீல விளக்கு, மேடைப் புகை.
ஒரு ஞாயிறு நானும் போனேன்.
முன் நாற்காலியின் முதுகில்
காணிக்கைக்கு க்யூஆர் அட்டை.
வீடு வரும், கார் வரும், விசா வரும் என்றார் ஒருவர்.
வியாதியும் வருமே, அப்போது?
அதற்கு அவரிடம் பாட்டு இல்லை.
சிலுவை எங்கே என்று தேடினேன்;
புகையில் தெரியவில்லையோ, இல்லவே இல்லையோ.

ஆனால் இதையும் எழுதத்தான் வேண்டும்:
என் மகன் அங்கே அழுதான்.
முகத்தைத் துடைக்காமல் அழுதான்.
நான் கடைசியாய் அப்படி அழுதது
எந்த வருஷத்து நோட்டில் இருக்கிறதோ.

பின்மாற்றம், பின்மாற்றம் என்கிறோம்,
பக்கத்துத் தெருவில் நடக்கிற திருட்டைப் போல.
போன வெள்ளி உபவாசத்தில்
பதினோரு மணிக்கெல்லாம்
முழங்காலில் இருந்தபடி நான் நினைத்தது
பஸ் ஸ்டாண்ட் பருப்பு வடையை.
அதற்கு எந்தக் கட்டத்தில் எண் போடுவது?

கூட்டம் முடிந்தது. விளக்கை அணைத்தேன்.
நோட்டு பையில். நாலு, நாலாகவே.
சேர்த்துவிட்டால் பரவைக்கு நடப்பேன்,
முழங்கால் வலிக்கு
அங்கேயும் பாய் விரிப்பார்கள்.

வழியில் கேட் மூடியிருந்தது.
இரண்டு பக்கமும் ஹாரன்.
திண்டுக்கல் பக்கம் பார்த்தால் இருட்டு,
கூடல்நகர் பக்கம் பார்த்தால் இருட்டு.
"வண்டியே காணோம், தொறந்து விடுய்யா"
என்றான் ஒருவன்.
இன்னொருவன் பைக்கைச் சாய்த்துக்
கட்டைக்கு அடியில் நுழைத்துப் போனான்.
ஒருவன் எபநேசரின் தாயைத் திட்டினான்.

அவர் கையில் விளக்கோடு நின்றிருந்தார்.
பதில் சொல்லவில்லை. திறக்கவுமில்லை.
எங்கோ ஒரு ஸ்டேஷனிலிருந்து
அறைக்குள் போன் மணி அடித்திருக்கிறது;
அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

எவ்வளவு நேரமோ.
முதலில் தண்டவாளம் முனகியது.
அப்புறம் சரக்கு வண்டி,
பெட்டி பெட்டியாய், முடிவில்லாமல்,
எங்கள் எல்லோர் முகத்திலும் காற்றை அடித்துக்கொண்டு.

கட்டை உயர்ந்தது.
ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை.
தோத்திரம் என்றேன்.
"தோத்திரம்க்கா" என்றவர்
உள்ளே ஓடினார்,
மறுபடி மணி.