நானூற்றுப் பன்னிரண்டு கேசட்டுகள்

இதலினா க்வரெஜ்மா இறந்த வாரம்
நகராட்சியிலிருந்து ஓர் ஆள் வந்தான்.
அஞ்சலிக் கூட்டத்தில் போட
அவர் குரல் வேண்டுமாம்,
இரண்டு நிமிடம் போதுமாம்.
பதினாறு வருடம் அவருடைய பதிவுகளைத் தட்டச்சு செய்தவள்,
என்னிடம் இல்லாத குரலா என்றேன்.

முதல் கேசட் முழுக்க மத்தி மீன்.
படகு கரைசேர்ந்ததும் சங்கு ஊதும்;
செத்தூபல் துறைமுகத்தில்
ஆலைக்கு ஆலை வேறு தொண்டை.
"எங்களுடையது சினைப்பசு மாதிரிக் கத்தும்.
ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஓடுவேன்,
கைக்குழந்தையை ஆலைக்குள்
உப்புப் பெட்டியில் கிடத்திவிட்டு நிற்பேன்"
என்கிறாள் தியோலிந்தா.
இதலினா கேட்கிறார்:
"அப்புறம்?"

டப்பாவுக்கு ஈயம் பற்றவைத்து
கண் போன ஒருவன்.
"அப்புறம்?"

வேலைநிறுத்தத்தன்று குதிரைப் போலீஸ் வரும் தெருவில்
வாளி வாளியாய் மீனெண்ணெய் ஊற்றியவள்;
என் பெயரைப் போடாதே என்று மூன்று முறை சொல்லி
கடைசியில் தானே
எழுத்துக்கூட்டிப் பெயர் சொல்கிறாள்.
இருமல். கோப்பையில் கரண்டி.
"அப்புறம்?"

அமைச்சர் ஒருவர் அந்தப் புத்தகத்தில் வருவார்,
அடிக்குறிப்பில், ஒரே ஒரு தடவை,
தவறான முதலெழுத்தோடு.
ஐந்து பதிப்பு வந்தும்
யாரும் திருத்தச் சொல்லவில்லை.

மூன்று இரவு தேடினேன்.
முந்நூற்று ஏழாம் கேசட்டில்
யாரோ திருப்பிக் கேட்கிறார்கள்:
"உன் அம்மா எந்த ஆலை, மகளே?"
ஒன்பது விநாடி.
வெளியே ஒரு பேருந்து போகிறது.
பிறகு 'டக்'.
மறுபக்கம் மழையைப் பற்றித் தொடங்குகிறது.

'பதிவு நிறுத்தப்பட்டது' என்று
அடைப்புக்குறிக்குள் நானே தட்டியிருக்கிறேன்.
எதிர் மேசையில்தான் இருந்தார்.
கேட்கவில்லை.

மதியச் சாப்பாட்டில் அவர் மத்தி உரிப்பார்.
இரண்டு விரல், ஒரு திருகு,
தலையும் குடலும் ஒன்றாய்க் கழன்று வரும்.
கத்தி வேண்டாமா என்பேன்,
சிரிப்பார்.
பசி, அவசரம்
என்று நினைத்திருந்தேன்.

தியோலிந்தாவும் அந்தத் திருகைச் சொல்லியிருக்கிறாள்,
முதல் கேசட், இரண்டாம் பக்கம்:
"எட்டு வயதில் பழக வேண்டும்.
பெரியவளான பிறகு
விரலுக்கு வராது."

கடைசியில் கிடைத்ததை வெட்டி ஒட்டிக் கொடுத்தேன்.
இரண்டு நிமிடமும் அந்த ஒரே சொல்தான்;
இடையிடையே கரண்டி.
மண்டபத்தில் மேயர், பேராசிரியர்கள், கறுப்புக் கோட்டுகள்.
ஒலிபெருக்கி கரகரத்தது.
"அப்புறம்?"

முன்வரிசையில் தியோலிந்தா,
தொண்ணூற்றொரு வயது, ஊன்றுகோலைத் தட்டினாள்:
"அப்புறம் என்ன அப்புறம்?
அது உப்புப் பெட்டி இல்லை, அத்திப்பழப் பெட்டி.
உப்பில் யாராவது பிள்ளையைக் கிடத்துவார்களா?
தப்பாகப் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாய்."

யாரோ சிரித்தார்கள்.
நகராட்சி ஆள் ஒலியைக் குறைக்கப் போனான்.
விடு என்றேன்.

கேசட்டில் உப்பு என்றுதான் இருக்கிறது.
எனக்குத் தெரியும்.
ஆனாலும் கைப்பைக்குள்
பென்சிலைத் தேடினேன்.