வரைபடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம்

பூச்சியை நடுவில் வையுங்கள், என்கிறது செயலி.
பூச்சிக்கு நடு தெரியாது.
இலை விளிம்பில் நடந்து
அடிப்பக்கம் போய்விடுகிறது.
கைபேசியோடு மண்டியிட்டு
ஹேசல் மரத்தின் கீழே தலையை நுழைக்கிறேன்.
கழுத்தில் ஒரு சிலந்திவலை.

படம் மங்கல். மீண்டும் எடுக்கவும்.
படம் மங்கல்.

மூன்றாவது படத்துக்கு
ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி யோசிக்கிறது.
மழைவிட்ட ஸுக்திதியில் சிக்னல் ஒற்றைக் கோடு.
பிறகு:
பழுப்பு நாற்றப்பூச்சி, தொண்ணூற்றொரு விழுக்காடு.

மீதி ஒன்பது யார், என்பாள் குலிகோ.
வியாபாரி, என்பான் ஜோண்டோ.

உணர்கொம்பில் வெள்ளை வளையம் இருந்தால்
எனக்கே தெரியும்.
ஆனால் எனக்குத் தெரிவது புள்ளியாவதில்லை.
அதற்குத் தெரிந்தால்தான்
வரைபடத்தில் ஒரு சிவப்பு விழும்.

நசுக்கினால் கொத்தமல்லி வாசம்.
இரண்டு வருடமாய்க் குலிகோ
பீன்ஸ் சட்டியில் கொத்தமல்லி கிள்ளிப் போடுவதில்லை.
குளிர்காலம் முழுக்க அவை எங்களோடுதான் குடியிருந்தன,
திரைச்சீலை மடிப்பில், கோட்டுக் கையில்,
வங்கிக் கடிதம் வந்த உறைக்குள்
ஒன்று, உயிரோடு.

ஆகஸ்ட் கடைசியில் வியாபாரி வருவான்.
மூட்டைக்குள் முழங்கை வரை விட்டு
நூறு கொட்டை எடுப்பான்.
ஒவ்வொன்றாய் உடைத்து, பருப்பை வகிர்ந்து,
பழுப்பு வடுவை நகத்தால் தொட்டுக் காட்டுவான்.
பதினேழு, என்பான்.
பதினேழுக்கு என்ன விலை என்று
யாரும் அவனைக் கேட்பதில்லை.
மூட்டையைக் கட்டிவிட்டுச் சொல்வான்.

இப்போது எங்கள் ஊரை மேலிருந்து பார்த்தால்
அம்மை வார்த்த முகம்.
நடுவில் மட்டும் ஒரு சதுரம்,
வெள்ளைவெளேரென்று.

மாவட்ட அலுவலகத்திலிருந்து மூர்தாஸ் அழைக்கிறான்:
யார் தோட்டம் அது? ஒரு பூச்சிகூட இல்லையே,
என்ன முறை கையாளுகிறார்?
மருந்து வண்டி அங்கே திரும்ப வேண்டாம் என்று
எழுதிவிட்டேன்.

ஜபூலி தோட்டம், என்றேன்.
முறை இதுதான்:
அவள் பாரியில் இருக்கிறாள், இத்தாலியில்.
நான்கு வருடமாய் யாரோ ஒருவரின் தாயை
குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி,
இடப்பக்கம் வலப்பக்கம் புரட்டிப் படுக்கவைக்கிறாள்.
இங்கே பூட்டு துருப்பிடித்திருக்கிறது.
எண்ண ஆள் இல்லாத இடத்தில்
பூச்சி இல்லை.

வேலி ஏறிக் குதித்தேன்.
இலையைத் திருப்பினால்
வெளிர்பச்சை முட்டைகள், ஒட்டி ஒட்டி,
ஒரு கொத்துக்கு இருபத்தெட்டு.
அடுத்த இலை. அதற்கடுத்தது.
இங்கிருந்துதான் கிளம்புகிறார்கள் போல
எங்கள் எல்லார் வீட்டுக்கும்.

உரிமையாளரின் குறியீட்டு எண் தேவை, என்கிறது செயலி.

ஜபூலிக்குச் செய்தி அனுப்பினேன்.
அங்கே மதியத் தூக்கம்.
கிழவி உறங்குகிறாள்,
இவள் சமையலறையில் நின்றபடி
ஆறு எண்களை அனுப்பினாள்.
பிறகு அவளே அழைத்தாள், காணொளியில்.
வீட்டைக் காட்டு என்று கேட்கவில்லை.
இலையைத் திருப்பு, என்றாள்.

திருப்பினேன்.
கிழவி விழித்துவிடாதபடி
மூச்சுக்குள் எண்ணினாள்.
நான் இருபத்தேழு என்றேன்.
இல்லை, ஓரத்தில் ஒன்று இருக்கிறது பார், என்றாள்
இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து.

இருந்தது.

கைபேசியில் நான்கு விழுக்காடு உயிர்
மிச்சமிருக்கும்போது
சதுரத்தில் முதல் சிவப்பு விழுந்தது.
மூர்தாஸுக்கு இரண்டு முறை அடித்தேன், எடுக்கவில்லை.
வண்டி வியாழனன்றுதான் வந்தது,
அதுவும் பாதித் தொட்டியோடு.

மறுநாள் காலை ஜபூலி
ஒரு படம் அனுப்பியிருந்தாள்.
செயலியின் பச்சைத் திரை:
நன்றி ஜபூலி! உங்கள் முதல் பதிவு.
கீழே ஒரு தங்க நட்சத்திரம்.

அதன் கீழே அவள் எழுதியிருந்தாள்:
இதைக் கொடுத்தால்
என்ன தருவார்கள்?