அளவு நாடா

பதினோராயிரத்துச் சொச்சம் ராண்டு என்றதும்
தவனேசன் அளவு நாடாவைத் தேடி எடுத்தான்.
வேண்டாம் என்று சொல்லமாட்டான், அளப்பான்.

ரிசர்வாயர் ஹில்ஸில் எங்களுடையது
பெரிய வீட்டின் முதுகில் ஒட்டிய பின்கட்டு.
ஒன்றரை அறை, குளியலறை,
அதன் கதவு உள்பக்கம் திறக்கும்.
எந்திரத்தின் குறுக்களவு அறுபது சென்டிமீட்டர்.
வைத்தால் கதவு பாதிதான் திறக்கும்.
‘ஒருக்களிச்சு நுழைஞ்சுக்கலாம்’ என்றான்,
நுழைந்தும் காட்டினான்.
நான் நுழைந்து பார்க்கவில்லை.
இன்னும் சில மாதத்துக்கு நுழையலாம்.

வெளியே, துணி காயும் இடத்தில்?
குரங்குகள்.
போன மாதம் ஒரு முழு ரொட்டியையும்
வீட்டுக்கார மூட்லியம்மாவின் மூக்குக்கண்ணாடியையும்
கொண்டுபோனவை,
தானாகச் சுற்றும் உருண்டையைச் சும்மா விடுமா?

பிறகு மின்சாரம்.
நான்காம் நிலை அறிவித்திருக்கிறார்கள்.
காலை ஆறிலிருந்து எட்டரை,
இரவு பத்திலிருந்து பன்னிரண்டரை.
பாதிச் சுற்றில் நின்றுபோனால்
அதன் வாய் தரையைப் பார்த்துக் கிடக்குமே,
மீலி எங்கே போவா?

மீலி சோளக்கதிர் நிறம், அதனால் அந்தப் பெயர்.
பேச்சு தன்னைப் பற்றியது என்று தெரிந்து
அலமாரி மேலிருந்து
ஒரு காதை மட்டும் எங்களுக்குத் தந்திருந்தாள்.
கெய்சர் உறுமினாலே கட்டிலுக்கடியில் ஓடுகிறவள்.
எடை இரண்டு கிலோ எழுநூறு.
மூன்றுக்குக் கீழே என்றால் எந்திரத்துக்கு அவள் தெரியமாட்டாள்,
கையேட்டில் ஒன்பதாம் பக்கம், பொடி எழுத்தில்.
இருந்தும் இல்லாதவளாக அவள் உள்ளே நிற்க
அது சுற்றத் தொடங்கினால்
என்று ஆரம்பித்தவன்
நாடாவை இழுத்து, விட்டு, இழுத்து,
வாக்கியத்தை முடிக்கவில்லை.

எல்லாம் சரிதான்.
அவனைவிட நல்ல கணக்கு எனக்கே தெரியும்.
ஒரு மூட்டை மணல், துளை போட்ட நீலக் கரண்டி,
மடித்த பழைய செய்தித்தாள்.
நாலு வருஷம் இது போதுமாயிருந்தது.
கட்டிகளை எண்ணித்தான்
அவளுக்கு நீர்க்கடுப்பு என்று கண்டுபிடித்தேன்,
அவள் முனகுவதற்கு இரண்டு நாள் முன்பே.
எந்திரம் எல்லாவற்றையும் இழுப்பறைக்குள் தள்ளிவிடும்.
பார்க்காமலிருக்கத்தான் அந்தக் காசு.

‘பின்னே எதுக்கு?’ என்றான்.
மணிக்கட்டு வலி என்றேன்.
‘எந்த மணிக்கட்டு?’
இடது என்றேன்,
வலக்கையால் அள்ளுகிறவள்.

செவ்வாய்க்கிழமை வெஸ்ட்வில்லில்
டாக்டரம்மா சொன்னது அதிகமில்லை.
வேகாத இறைச்சி வேண்டாம்.
பூனை மணலில் கை வைக்காதே, வேறு யாராவது செய்யட்டும்.
போன தடவை
எட்டாவது வாரத்திலேயே இவன் அம்மாவிடம் சொல்லி
அவர் டொங்காட்டில் அத்தனை பேரிடமும் சொல்லி
பிறகு நான் ஒவ்வொருவரிடமாக
அதைத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது.
பழக்கடையில் ஒருத்தியிடம்கூட.
அதனால் இந்தத் தடவை
ஒரு எந்திரத்தின் விலையை மட்டும் சொன்னேன்.

பத்து மணிக்கு விளக்குப் போனது.
இந்த ஊரில் சொன்ன நேரத்துக்கு நடப்பது அது ஒன்று.
அளவு நாடா தன் கூட்டுக்குள்
விர்ரென்று சுருண்டுகொண்டது.
அவன் எதுவும் கேட்கவில்லை.
நான் இருக்கும் பக்கம் திரும்பியிருக்கிறான் என்பது மட்டும்
மூச்சில் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக்
குளியலறையில் கைப்பேசி வெளிச்சம்.
மணலில் கரண்டி உரசும் சத்தம்,
பழகாத கை, நிறைய அள்ளிப் பாதியைச் சிந்தியது.
மீலி இறங்கிப் போய்
கதவோரம் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள்.

‘மூணு இருக்கு’ என்றான் உள்ளிருந்து.
‘மூணுன்னா சரிதானே?’
சரிதான் என்றேன்.
‘ஓரத்துல ரொம்பச் சின்னதா ஒண்ணு.
அதையும் எண்ணணுமா?’

எண்ணு, என்றேன்.
அதையும் எண்ணு.