வாராந்திர விடுப்பு

மார்வே படித்துறையில் ஐந்தே முக்கால்.
காலொடிந்த ஆட்டைத் தூக்குவதுபோல்
சைக்கிளைத் தோளில் போட்டுப் படகில் ஏற்றினோம்.
மனோரிக்கு ஆளுக்கொரு சீட்டு,
சைக்கிளுக்கும் ஒன்று.
சகாராம் தாண்டேல் தன் சீட்டின் ஓரத்தைக் கிழித்துப் பார்த்தான்.
கண்டக்டர் கை. சும்மா இருக்காது.

நான் அவனுடைய டிரைவர்.
பதினாறு வருஷமாக தாராவிக்கும் குர்லாவுக்கும் நடுவே
ஒரே நெரிசலை ஓட்டுகிறவன்.
உண்மையில் நான் ஓட்டுவதில்லை,
நெரிசல்தான் என்னைத் தள்ளிக்கொண்டுபோய்
அங்கே விட்டுவிட்டு வரும்.
வலது காதில் ஹாரன் குடியேறிவிட்டது,
வாடகை தருவதில்லை.

அக்கரையில்
சாலை முழுக்க எங்களுக்கு.
நம்பாமல்
ஓரமாகவே மிதித்தேன்,
பின்னால் யாராவது வழி கேட்பார்கள் என்று.
யாரும் கேட்கவில்லை.
சவுக்குத் தோப்பு.
வீட்டுக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்த சிலுவை,
அதன் கழுத்தில் நேற்றைய சாமந்தி.
நடுரோட்டில் ஒரு பன்றி, ஆறு குட்டிகள்,
எந்தப் பக்கமும் பார்க்காமல் கடந்தன.
அது மட்டும் எனக்குப் பழக்கப்பட்ட காட்சி.

கோராய் தாண்டியபோதுதான் கேட்டது.
கிறீச்.
சுற்றுக்கு ஒன்று.
இடது பெடல் மேலேறும்போது மட்டும்.

இரண்டு வருஷமாக இதே சைக்கிள்.
சயானில், மாஹிமில், வேலைக்குப் போகும் விடிகாலையில்
ஒருநாளும் கேட்டதில்லை.
இங்கே என்னடாவென்றால்
குயில்கூட நிறுத்திவிட்டுக் கவனிக்கிறது.

உத்தனுக்கு முன்னால்
மூங்கில் கொடியில் பொம்பில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்
செலஸ்தின் என்று பேர் சொன்ன ஒருத்தி.
சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக்
கையால் பெடலைச் சுற்றினேன்.
சத்தமில்லை.
ஏறி மிதித்தேன். கிறீச்.
மீன் பொரித்த எண்ணெயை ஒரு கிண்ணியில் கொடுத்தாள்.
சங்கிலிக்கு விட்டேன், அச்சுக்கு விட்டேன்,
இப்போது மீன் வாசத்தோடு கிறீச்.
அவள் சக்கரத்தைப் பார்க்கவேயில்லை,
என் காலைப் பார்த்தாள்,
பிறகு கொடியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குன்றின் ஏற்றத்தில் மூச்சு முட்டியது.
இறங்கி
சைக்கிளைச் சகாராமிடம் கொடுத்துவிட்டு
வெறுங்கையோடு நடந்தேன்.
கிறீச்.

நின்றேன்.
நின்றது.
ஒரு எட்டு வைத்தேன்.

"பாவ்," என்றான் சகாராம்
இரண்டு சைக்கிளுக்கு நடுவில் நின்று,
"அது வண்டி இல்லை."

முட்டியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.
உள்ளே யாரோ மணலை அரைக்கிறார்கள்.
இடது முட்டி. கிளட்ச் முட்டி.
குர்லாவுக்குப் போக எத்தனை அமுக்கு, திரும்ப எத்தனை,
யார் எண்ணினார்கள்?
அத்தனை நாளும் அது கத்திக்கொண்டுதான் இருந்திருக்கும்,
ஊரோடு சேர்ந்து.

மேலே குன்று சட்டென்று முடிந்துவிடுகிறது.
கீழே பாறையின் கறுத்த முகம்.
அலை குலுங்கி முன்னே பாய்கிறது, அணைந்துபோகிறது,
மறுபடி குலுங்குகிறது,
கிளட்சை எடுக்கத் தெரியாத புது டிரைவர் மாதிரி.
தூரத்தில் கப்பல்கள்
எந்த சிக்னலுக்கோ வரிசையில்லாமல் நிற்கின்றன.
ஒன்றுகூட ஹாரன் அடிக்கவில்லை.

புல்லில் காலை நீட்டி உட்கார்ந்தோம்.
சகாராம் பொட்டலத்தைப் பிரித்தான்.
இரண்டு வடாபாவ், ஒரு பச்சை மிளகாய்.
மிளகாயை எனக்கு விட்டுக்கொடுத்தான்,
ஆறுதல் சொல்லத் தெரியாதவன்.
முட்டியைப் பற்றி எதுவும் பேசவில்லை.
நானும் அதை மடக்கவில்லை.

வெயில் ஏறியது.
எழுந்துபோய்ச் சைக்கிள் மணியைத் தட்டினான்.
ஒன்று.
என் கால் தன்பாட்டில்
புல்லை அமுக்கியது.
இருவரும் அதைப் பார்த்தோம்.
சிரித்தது நான்தான் முதலில்.

பிறகு இரண்டு தட்டினான்.
இரண்டு என்றால் போகலாம்.
பதினாறு வருஷத்தில் முதல்முறையாக
இரண்டு மணிக்கும்
நான் வண்டியை எடுக்கவில்லை.
பின்னால் யாரும் கத்தவில்லை.