முப்பது மில்லி அம்பியர்

எர்த் கம்பிக்கு முதல் சம்மட்டி அடி விழமுன்
தவனேசன் கொஞ்சம் நின்றான்.
ஒட்டுசுட்டானில் மண்ணுக்குள் இரும்பு இறக்குகிற எவரும்
கொஞ்சம் நிற்பார்கள்.
வெடி எடுத்து முடித்த காணி என்று
கடதாசி இருக்கிறது.
கடதாசியைக் கால் நம்ப நாள் எடுக்கும்.

நாலடி போனது. பிறகு கிறவல்.
மீற்றர் வைத்துப் பார்த்தால்
கரண்டை வாங்கமாட்டேன் என்கிறது மண்.
ஆவணி வெயில். குளமே வெடித்துக் கிடக்க
இந்தக் குழிக்கு ஈரம் எங்கால்?
கரியும் உப்பும் போட்டு மூடினோம்.
காலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றும் வேலையை
கல் சுமக்க வந்த யோகமலர் எடுத்துக்கொண்டாள்.
"உதென்ன நட்டிருக்கிறியள், முளைக்குமோ?"

பள்ளிக்கூடத்து மேல்மாடிக்குச் சிலாப் போட்ட அன்று
ட்ரிப் சுவிட்ச் மூன்று தரம் விழுந்தது.
மிக்சர் நின்றது. கலவை இறுகத் தொடங்கியது.
ஏணிக்குக் கீழே கொன்ட்ராக்டர் கத்தினார்:
நேரே குடு, நேரே குடு,
விசர் சுவிட்ச், ஈ இருந்தாலும் விழும்!

நேரே கொடுக்க எனக்குத் தெரியும்.
ஒரு சாண் வயர் போதும்.
மல்லாவியில் கொடுத்திருக்கிறேன்.
வைபிரேட்டர் பிடித்த கஜீபன்
கையை விடப் பார்த்தான்,
கை அவனை விடவில்லை.
பலகையால் அடித்துப் பிரித்தோம். உயிர் இருந்தது.
இப்போதும் தேத்தண்ணிக் கோப்பையை
இரண்டு கையாலும்தான் பிடிப்பான்.

பெட்டிக்குப் போகாமல்
வயர் போன வழியே நடந்தேன்.
மணல் கும்பி, கம்பிக் கட்டு,
தள்ளுவண்டிச் சில்லு ஏறி ஏறி உரித்த இடம்.
அங்கே
ரேப் சுற்றிய பழைய மூட்டு
சீமெந்துத் தண்ணிக்குள் படுத்திருந்தது.
ஒரு முழம் தள்ளி
வார் அறுந்த பாத்றூம் செருப்பு ஒன்று.

யோகமலர் வெறுங்காலோடு நின்றாள்.
"மூண்டாந்தரம் விழேக்கை
எறும்பு கடிச்ச மாதிரி இருந்தது" என்றாள்,
குதிக்காலைத் தடவிக்கொண்டு.
அவ்வளவுதான்.
எழுதி வைக்க ஒன்றும் நடக்கவில்லை.

மூட்டை வெட்டி எறிந்தேன்.
புது வயரைக் காட்டுத்தடிகளில்
ஆள் உயரத்துக்கு மேலே கட்டினேன்.
முக்கால் மணித்தியாலம் போனது. சிலாப்பின் நடுவில்
ஒரு கோடு விழுந்துவிட்டதென்று
என் சம்பளத்தில் பிடித்தார்கள்.

தவனேசன் தன் பழைய பூட்ஸைக் கொண்டுவந்து கொடுத்தான்.
அவளுக்கு இரண்டு அளவு பெரிது.
சாக்குத் துண்டு திணித்துப் போட்டுக்கொண்டு
டொக் டொக்கென்று நடந்துபோய்
அடுத்த நாள் விடிய
குழிக்கு இரண்டு வாளி ஊற்றினாள்.